பிரேம் போடாத ஓவியங்கள்: சிங்கப்பூர் ஈரக்காற்றில் சில ஆண்டுகள்

பிரேம் இல்லாமல் ஓவியம் மாட்டலாமா என்று கேட்டால் என் பதில் இதுதான்: துணி என்றால் தாராளமாக மாட்டுங்கள். காகிதம் என்றால், அது கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று தோன்றினால் மட்டும் மாட்டுங்கள். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கலம்காரி எனும் துணி ஓவியம், கேன்வாஸ், மகளின் நீர்வண்ணப் படங்கள் எல்லாம் சில ஆண்டுகளாகக் கண்ணாடி இல்லாமல்தான் தொங்குகின்றன.

ஒரு தொல்லையும் தராதது கலம்காரிதான். தேக்கா நிலையத்து மாடியில் ஒரு தையல்காரரிடம் கொடுத்து, மேல் ஓரத்தைக் குழல்போல மடித்துத் தைத்து, உள்ளே மரக்கம்பு செருகிவிட்டோம். கீழ் ஓரத்திலும் மெல்லிய கம்பு ஒன்று வேண்டும். இல்லையென்றால் மின்விசிறியைப் போட்டதும் குழலூதும் கண்ணன் ஊஞ்சலாடத் தொடங்கிவிடுவான்! இயற்கைச் சாயம் வெயிலில் வெளுக்கும், அதனால் மேற்கு வெயில் விழும் சுவர் வேண்டாம். தூசு படியத்தான் செய்யும். வேக்குவம் முனையில் பழைய காலுறை ஒன்றை மாட்டி மெல்ல உறிஞ்சினால் போய்விடும்.

கேன்வாஸ் வாங்கும்போது, துணி மரச்சட்டத்தின் பக்கங்களையும் சுற்றி வந்திருக்கிறதா, ஓரத்திலும் வண்ணம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பிரேம் இல்லாத குறையே தெரியாது. மழைக்காலத்தில் துணி கொஞ்சம் தொய்யும். பின்பக்க மூலைகளில் சின்ன மர ஆப்புகள் இருந்தால், லேசாகத் தட்டினால் திரும்ப விறைப்பாகிவிடும். முக்கியமான விஷயம் பின்பக்கக் காற்றோட்டம். வெளிச்சுவரோடு ஒட்டி மாட்டினால் முதுகில் பூஞ்சை பிடிக்கும். கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, ஒரு விரல் இடைவெளி விட்டபிறகு எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இன்னொன்று, அக்ரிலிக் வண்ணம் நம் வெப்பத்தில் இளகும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

இனி காகிதம். இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் 90ஐத் தாண்டும். இரவில் குளிர்சாதனம், பகலில் திறந்த சன்னல் என்றால் தாள் சுருங்குவதும் விரிவதுமாக ஓரம் சுருண்டுவிடும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த நீர்வண்ணத் தாள் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. சாதாரண வரைதாள் சீக்கிரமே அப்பளமாகிவிடும். அப்புறம் பழுப்புப் புள்ளிகள், தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி. அருங்காட்சியகங்கள் காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவில்தான், அதாவது மங்கலாகத்தான் வெளிச்சம் வைக்கும், நம் கூடத்துப் பகல் வெளிச்சம் அதைப்போலப் பல மடங்கு. அதனால் மகளின் படங்களில் நல்லவற்றை அமிலமற்ற தாளுக்கிடையில் வைத்து உள்ளே எடுத்துவைத்துவிட்டோம். சுவரில் இருப்பது அவற்றின் வண்ண நகல். மகளுக்கு இதில் கொஞ்சம் கோபம்தான், ஆனால் அசல் பிழைத்திருக்கிறது.

ஒட்டுவதைவிடக் கம்பியும் கிளிப்பும் மேல். களிமண்போல இருக்கும் ஒட்டுப்பசை தாளில் எண்ணெய்க் கறை விடும். மலிவான இருபக்க டேப் ஒன்று, உரிக்கும்போது சுவர் வண்ணத்தையும் சேர்த்தே பெயர்த்து வந்தது. கிளிப்பின் பல் பதியாமலிருக்க இடையில் சின்ன அட்டைத் துண்டு வையுங்கள். கம்பி கட்ட இரண்டு துளை போதும், படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அவசரகாலத்தில் பதுங்குவதற்காக வீட்டுக்குள் இருக்கும் காப்பறையின் சுவரில் மட்டும் கண்டபடி துளை போடக்கூடாது, அதற்கு விதிமுறைகள் உண்டு.

மாமியாரின் தஞ்சாவூர் ஓவியத்தில் கைவைக்கவில்லை. சுண்ணாம்புப் பூச்சு, தங்க ரேக்கு, பதித்த கல் இவற்றுக்கெல்லாம் ஈரமும் ஆகாது, விரலும் ஆகாது. அது கண்ணாடிப் பிரேமுக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.