ஜென்னியா, வாட்டர் ஃபிரேமா?

இங்கிலாந்தின் லங்காஷயர்க்காரர்கள் இருவர் 1760களில் சில வருட இடைவெளியில் ஆளுக்கொரு நூற்பு எந்திரம் செய்தார்கள். இரண்டும் பஞ்சைத்தான் நூலாக்கின. ஆனால் நூலும் வேறு, அதை நூற்றவர்களின் பிழைப்பும் வேறு.

ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் நெசவாளி. அவருடைய ஸ்பின்னிங் ஜென்னியில் ஒரே சக்கரத்தைக் கையால் சுற்றினால் எட்டுக் கதிர்கள் (நூலை முறுக்கிச் சுற்றும் தண்டுகள்) ஓடும். 1770இல் காப்புரிமை வாங்கியபோது அது 16 ஆகியிருந்தது. விலை குறைவு, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். பிள்ளை அழுதால் சக்கரத்தை விட்டு எழுந்து போகலாம், கேட்க ஆளில்லை. ஆனால் நூலில் முறுக்குப் போதாது. துணியில் குறுக்கே ஓடும் ஊடைக்குச் சரி, தறியில் நெடுக்கே இழுத்துக் கட்டும் பாவுக்குத் தாங்காது.

ரிச்சர்ட் ஆர்க்ரைட் முடிதிருத்தும் தொழிலில் இருந்து விக் செய்ய வந்தவர். 1769இல் காப்புரிமை பெற்ற அவருடைய எந்திரம்தான் வாட்டர் ஃபிரேம். அதில் உருளைகள் ஜோடி ஜோடியாக, முன்னதைவிடப் பின்னது வேகமாகச் சுற்றிப் பஞ்சை இழுத்து மெலிதாக்கும். பிறகு கதிர் முறுக்கேற்றும். நூல் திண்ணென்று வரும். அதுவரை அங்கே பாவுக்குப் பெரும்பாலும் லினன் நூல்தான். சோழமண்டலக் கரையிலிருந்து போன முழுப் பருத்தித் துணிக்கு ஈடாக நெய்யத் திணறியதற்கு அது முக்கியக் காரணம். நூலை மட்டும் பார்த்தால் ஆர்க்ரைட்டுக்குத்தான் என் ஓட்டு.

அப்புறம் 1771இல் டார்பிஷயரின் குரோம்ஃபோர்டில் தண்ணீரில் ஓடும் மில்லைக் கட்டினார். தண்ணீர் இரவிலும் ஓடுகிறதே, ஆட்களும் இரவு பகலாக ஷிப்டில் வந்தார்கள். மணியடித்தால் உள்ளே இருக்க வேண்டும். வேலை செய்தவர்களில் பிள்ளைகள் நிறைய. அவர் கட்டிக்கொடுத்த வீடுகளின் மேல்மாடியில் அப்பா தறி நெய்ய, அம்மாவும் பிள்ளைகளும் மில்லுக்குப் போனார்கள்.

இதற்கெல்லாம் எந்திரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. வாட்டர் ஃபிரேமைச் சின்னதாகச் செய்து கையாலும் சுற்றியிருக்கலாம். ஆனால் காப்புரிமை கையில் இருந்த ஆர்க்ரைட், அதைப் பயன்படுத்த மற்றவர்களுக்கு ஆயிரம் கதிர் அளவில்தான் உரிமம் கொடுத்தார். குடிசையில் இருப்பவர் எங்கே போவார்?

ஜென்னியையும் மக்கள் சும்மா விடவில்லை. 1768இல் ஹார்கிரீவ்ஸின் எந்திரங்களை உடைத்தார்கள், அவர் நாட்டிங்ஹாமுக்கு ஓடினார். ஆனால் எந்திரங்களுக்கு எதிரான 1779 கலவரத்தில் ஆர்க்ரைட்டின் பர்க்கேக்கர் மில்லை அழித்த அதே நாட்களில், பெரிய ஜென்னிகளை நொறுக்கியவர்கள் வீட்டளவுச் சின்ன ஜென்னிகளை விட்டுவிட்டார்கள். எது யாருக்கு ஆகும் என்று அவர்களுக்குத் தெளிவாகவே தெரிந்திருக்கிறது.

அதே 1779இல் சாமுவேல் கிராம்ப்டன் உருளைகளையும் ஜென்னியின் நகரும் வண்டியையும் சேர்த்து மியூல் என்ற நூற்பு எந்திரத்தைச் செய்துமுடித்தார். பாவுக்கும் ஊடைக்கும் மெல்லிய, உறுதியான நூல். முதலில் அதுவும் வீட்டில்தான் ஓடியது. கதிர்கள் பெருகி, தண்ணீரும் நீராவியும் இழுக்கத் தொடங்கியதும் மில்லுக்குள் போய்விட்டது. ஜென்னிக்கு வேலையில்லாமல் போனது.