மடித்தது, வெட்டியது, கிழித்தது: போருக்கு முந்தைய பேஸ்பால் கார்டுகளில் எதைச் சேர்ப்பது?

பழைய பேஸ்பால் கார்டு, அதாவது சிகரெட், மிட்டாய் போன்றவற்றோடு வந்த வீரர் பட அட்டை, என்று பேச்சை எடுத்தாலே எல்லோரும் போய் நிற்பது இரண்டு இடத்தில்தான். ஒன்று, 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த டி206 என்ற செட். அதிலுள்ள ஹோனஸ் வாக்னர் கார்டு ஒன்று 2021-இல் சுமார் 66 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இன்னொன்று, கவுடி கம்பெனி பபுள்கம்மோடு போட்ட 1933 செட். 240 கார்டு, அதில் பேப் ரூத்துக்கு மட்டும் நான்கு. இரண்டும் அருமையான செட், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் புதிதாகச் சேர்க்க வருகிறவர் எல்லோரும் இந்த இரண்டு வாசலிலேயே முட்டிக்கொண்டு நிற்பதால், பக்கத்தில் திறந்து கிடக்கும் கதவுகள் கண்ணில் படாமலே போகின்றன.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்டுகளில் அப்படிக் கவனிக்கப்படாத நான்கை எடுத்துக்கொள்கிறேன்: மெக்கா டபுள் ஃபோல்டர், ஜீநட், டபிள்யூ514 ஸ்ட்ரிப் கார்டு, பேட்டர்-அப். ஏன் இந்த நான்கு என்றால், இவை நான்குமே கையில் வைத்து ஏதாவது செய்வதற்காக அச்சிடப்பட்டவை. ஒன்றை மடிக்க வேண்டும், ஒன்றைக் கிழிக்க வேண்டும், ஒன்றை வெட்ட வேண்டும், ஒன்றை நிமிர்த்தி நிற்க வைக்க வேண்டும். அன்றைய சிறுவர்கள் அதைத்தான் செய்தார்கள். இன்று கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மார்க் கொடுக்கும் கிரேடிங் காலத்தில், அப்படிச் செய்ததே இந்தக் கார்டுகளுக்குக் குறையாகிவிட்டது. விலை இன்னும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பெயர் பெறாத வீரர், சுமாரான நிலை என்றால் நான்கிலுமே சில பத்து டாலருக்குக் கார்டு கிடைக்கிறது.

முதலில் மெக்கா, ஏனென்றால் என் மனம் அங்கேதான் இருக்கிறது. 1911. மெக்கா சிகரெட்டோடு வந்த இந்தக் கார்டை விரித்துப் பிடித்தால் முழு உருவமாக ஒரு வீரர் நிற்பார். மேல் பாதியை முன்பக்கமாக மடக்கினால் அதன் முதுகில் இன்னொரு வீரரின் தலையும் உடம்பும் வந்து, கீழே இருக்கும் அதே கால்களோடு பொருந்திக்கொள்ளும். இருவருக்கும் சேர்த்து ஒரே ஜோடிக் கால்! 50 கார்டில் 100 வீரர்கள். ஜோடி சேர்த்ததிலும் யோசனை இருக்கிறது, ஒரே அணிக்காரர்களைத்தான் இணைத்திருக்கிறார்கள்: டெட்ராய்ட்டின் டை காப், சாம் கிராஃபோர்டு ஒரு கார்டில், வாஷிங்டனின் பிட்சர் (பந்து வீசுபவர்) வால்டர் ஜான்சனும் அவருடைய கேட்சர் (அந்தப் பந்தைப் பிடிப்பவர்) கேபி ஸ்ட்ரீட்டும் ஒரு கார்டில். பின்பக்கத்தில் வீரர்களின் கணக்கு விவரமும் உண்டு, ஆட்டக் கணக்கைக் கார்டில் அச்சிட ஆரம்பித்த முதல் செட்டுகளில் இது ஒன்று.

மெக்காவில் பார்க்க வேண்டியது மடிப்புக் கோடு. மடிப்பு இருப்பது குறையல்ல, அது அச்சகத்திலேயே போட்டுக் கொடுத்தது. கோட்டில் விரிசல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, பின்னால் டேப் ஒட்டியிருக்கிறதா, ஒட்டி எடுத்த பசைக் கறை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விற்பவர் போடும் படத்தில் கார்டு விரித்த நிலையில் மட்டுமே இருந்தால், மடித்த படமும் பின்பக்கப் படமும் கேளுங்கள். கேட்டால் தருகிறார்கள்.

சரி, ஜீநட். இது வேறு உலகம். அந்தக் காலத்தில் மேஜர் லீக் (அமெரிக்காவின் முதல்நிலைப் பேஸ்பால்) அணிகள் மேற்கே செயின்ட் லூயிஸோடு நின்றுவிடும். டாட்ஜர்ஸும் ஜயன்ட்ஸும் கலிஃபோர்னியாவுக்குப் போனது 1958-இல்தான். அதுவரை மேற்குக் கரை மக்களுக்குப் பேஸ்பால் என்றால் பசிபிக் கோஸ்ட் லீக். குளிர் குறைவு, அதனால் சீசன் நீளம், வருடத்துக்கு 180, 200 ஆட்டம் வரைகூடப் போகும். அந்த லீக்கின் வீரர்களை வைத்து சான் ஃபிரான்சிஸ்கோவின் காலின்ஸ்-மெக்கார்த்தி மிட்டாய்க் கம்பெனி 1911-இல் தன் ஜீநட் மிட்டாயோடு கார்டு போடத் தொடங்கியது, 1930-களின் கடைசி வரை அது வருடா வருடம் வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிய வேறொரு மிட்டாய்க் கார்டு எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் இல்லை. பெரும்பாலான வருடங்களில் கார்டின் அடியில் ஒரு கூப்பன் இருக்கும், அதைக் கிழித்துக் கொடுத்தால் பரிசு. பையன்கள் சும்மா விடுவார்களா? அதனால் இன்று கூப்பனோடு ஒரு ஜீநட் கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் விலையும் பல மடங்கு.

கூப்பன் வேண்டாம், கிழித்ததையே வாங்குங்கள் என்பேன். படம் முழுசாக இருக்கிறது, கிழித்த விளிம்பில் ஒரு பையன் பரிசுக்கு ஓடிய கதையும் இருக்கிறது. என்ன கஷ்டம் என்றால், இந்தச் செட்டுக்குக் கரையே கிடையாது. எல்லா வருடமும் எல்லா வீரரும் என்று இறங்கினால் ஆயுள் போதாது. ஒரு ஊர், ஒரு அணி, இல்லை ஒரு வருடம் என்று முதலிலேயே எல்லை போட்டுக்கொள்ளுங்கள். 1933-ஐத் தொட்டால் மட்டும் பர்ஸ் தாங்காது, காரணம் சான் ஃபிரான்சிஸ்கோ சீல்ஸ் அணியின் ஜோ டிமாஜியோ. அந்த வருடம்தான் அவர் தொடர்ந்து 61 ஆட்டங்களில் ஹிட் (பந்தை அடித்து ஓடித் தளம் சேர்வது) அடித்தார், எல்லோருக்கும் தெரிந்த அவருடைய 56 ஆட்ட மேஜர் லீக் சாதனைக்கு எட்டு வருடம் முன்னால். கார்டில் அவர் பெயரையே தப்பாக 'டிமேஜியோ' என்று எழுத்து மாற்றிப் போட்டிருப்பார்கள்.

டபிள்யூ514-ஐப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 1919-லிருந்து 1921 வரை வந்த 120 கார்டு, நீளப் பட்டையாக விற்று வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டது. ஓவியம் சுமார்தான், நிறம் கோட்டைத் தாண்டி வழியும், பின்பக்கம் வெறும் வெள்ளை. ஆனால் 1919 உலகத் தொடரை விட்டுக்கொடுத்த குற்றச்சாட்டில் வாழ்நாள் தடை வாங்கிய சிகாகோ வைட் சாக்ஸ் எட்டுப் பேர் கதை உங்களுக்குப் பிடிக்கும் என்றால், அவர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்த நாட்களில் வந்த செட் இது. ஷூலெஸ் ஜோ ஜாக்சனும் அவருடைய சகாக்கள் சிலரும் இதில் உண்டு. ஜாக்சன் மலிவாகக் கிடைக்க மாட்டார், மற்றவர்கள் பரவாயில்லை. பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் போலி செய்வதும் சுலபம், அதனால் ஜாக்சன் மாதிரி பெரிய கார்டை மட்டும் கிரேடிங் கம்பெனி பார்த்து உறையிட்டதாக வாங்குங்கள். நான்கில் இதைக் கடைசி இடத்தில் வைக்கிறேன்.

அப்புறம் பேட்டர்-அப். மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் இருந்த நேஷனல் சிக்கிள் கம்பெனி 1934 முதல் 1936 வரை போட்டது, 192 கார்டு. புகைப்படத்துக்கு நீலம், பச்சை, சிவப்பு, பழுப்பு என்று ஒற்றைச் சாயம் ஏற்றி, வீரரின் உருவத்தைச் சுற்றி அச்சுக் கத்தியால் வெட்டு போட்டிருப்பார்கள். பின்னணியைப் பின்னால் மடக்கினால் வீரர் மட்டும் தனியாக எழுந்து மேஜையில் நிற்பார். ஜிம்மி ஃபாக்ஸ், டிஸ்ஸி டீன், ஹேங்க் கிரீன்பெர்க் எல்லாம் இருக்கிறார்கள். பெரிய நட்சத்திரங்களான ரூத்தும் லூ கெரிக்கும் இல்லை, அதனாலேயே கூட்டமும் இல்லை. இதே கம்பெனி அதே வருடங்களில் டயமண்ட் ஸ்டார்ஸ் என்று 108 கார்டு கொண்ட இன்னொரு செட்டும் போட்டது, அது வண்ண ஓவியம், கண்ணைப் பறிக்கும், சேர்ப்பவர்களும் அதற்குத்தான் போகிறார்கள்.

பேட்டர்-அப்பில் ஒரு தடவை பட்டிருக்கிறேன். ஒரு விற்பனையாளர் 'லேசான தேய்மானம்' என்று எழுதியிருந்தார், படமும் கருப்புத் துணி மேல் வைத்து எடுத்தது. வந்து பிரித்தால் வீரரின் தலைக்கு மேலே இருக்க வேண்டிய பின்னணித் துண்டே இல்லை, தோளுக்கு மேல் வெறும் தலை. கருப்புத் துணியில் அது தெரியவே இல்லை. அன்றிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி: மேல்பாகம் இருக்கிறதா? இருந்து, ஒரு முறை மடித்த தடம் தெரிந்தால் தாராளமாக வாங்குங்கள். இன்னொன்று, 80-க்கு மேல் எண் உள்ள கார்டுகள் அரிது, விலையும் ஏறும். முழு செட் என்று கிளம்பினால் அங்கே போய் முட்டிக்கொள்வீர்கள். முதல் 80-ஓடு நிறுத்திக்கொண்டால் சுகமான வேலை.

கூப்பன் போனது, தலைத்துண்டு மடங்கியது என்றெல்லாம் மனம் உறுத்துகிறவர்களுக்கு ஜெஃபர்சன் பர்டிக்கைச் சொல்வேன். நியூயார்க் மாநிலம் சிரக்யூஸ்காரர். டி, ஈ, டபிள்யூ, ஆர் என்று இன்று நாம் கார்டுகளுக்குச் சொல்லும் எழுத்தெல்லாம் அவர் போட்ட பட்டியலில் வந்தவை. மூட்டுவலியோடு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்து, தன்னுடைய 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்டுகளையும் அச்சுத் துண்டுகளையும் ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டி முடித்தார், 1963-இல் இறந்தார். பசை போட்டு!

எனவே என் வரிசை இதுதான். ஒரு செட்டை முழுசாக முடிக்கும் ஆசை என்றால் மெக்கா, ஐம்பதோடு முடிகிறது, காப் கார்டு ஒன்றுதான் கையைக் கடிக்கும். முடிவே இல்லாமல் தோண்டிக்கொண்டிருக்கப் பிடிக்கும் என்றால் ஜீநட். மேஜையில் நிறுத்தி வைத்துப் பார்க்க பேட்டர்-அப். ஒரே ஒரு கார்டுதான் வாங்கப் போகிறேன் என்பவர் ஜான்சன்–ஸ்ட்ரீட் மெக்காவைத் தேடுங்கள். ஸ்ட்ரீட் 1908-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியிலிருந்து, 500 அடிக்கு மேலிருந்து, போட்ட பந்தைக் கீழே நின்று கையுறையில் பிடித்தவர். ஜான்சனின் பந்தை ஆட்டத்துக்கு ஆட்டம் வாங்கிய அதே ஆள். என்னிடம் இருப்பதில் மடிப்புக் கோடு ஓரத்தில் கொஞ்சம் விட்டிருக்கிறது. மெதுவாக மடக்கினால் இன்னும் பொருந்துகிறது.