‘லொஸ்ட்’: 121 எபிசோட் பார்த்து முடித்தால் கட்டிய காசு திரும்புமா?

விமானம் ஏன் விழுந்தது? விமானம் விழுந்து தீவொன்றில் அகப்பட்டவர்களின் கதையான ‘லொஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொடரின் முதற் காட்சியிலேயே எழும் கேள்வி இது. விடை இரண்டாம் சீசனின் கடைசி எபிசோட்டில் வருகிறது. தீவின் நிலத்தடி நிலையத்துக் கணனியில் 108 நிமிடத்துக்கு ஒருமுறை 4, 8, 15, 16, 23, 42 என்ற ஆறு எண்களை அடித்தாக வேண்டும். அடிக்காவிட்டால் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும் மின்காந்த விசை கட்டுமீறும். காவலுக்கு இருந்த டெஸ்மண்ட் ஒருநாள் பிந்திவிடுகிறான். விபத்தில் தப்பிய லொக் கொண்டுவந்த அச்சுத்தாளைப் புரட்டும்போது கோளாறு பதிவான திகதி அகப்படுகிறது: 2004 செப்டெம்பர் 22. சிட்னியிலிருந்து லொஸ் ஏஞ்சலஸ் போன ஓஷியானிக் 815 விழுந்ததும் அன்றுதான். ஒரு தாள், ஒரு திகதி, 49 எபிசோட் சுமந்த கேள்விக்குப் பதில். மர்மத் தொடரில் முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று பாடம் எடுக்க இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. (எண்கள் ஆறையும் கூட்டிப் பாருங்கள். அதுவும் 108.)

தொடர் முழுக்க இப்படியே அவிழ்த்திருந்தால் இந்த விமர்சனம் இங்கேயே முடிந்திருக்கும். நீண்ட மர்மத் தொடர் பார்ப்பது சீட்டுக் கட்டுகிற மாதிரி. மாதம் தவறாமல் கட்டுகிறோம், கடைசியில் கைக்கு என்ன வருகிறது என்பதுதான் கணக்கு. ‘லொஸ்ட்’ காசைத் திருப்பித் தருகிறது. ஆனால் வேறு நாட்டுக் காசாகத் தருகிறது. இனி வரும் பந்திகளில் முடிவு உடைத்துச் சொல்லப்படுகிறது, பார்க்க இருப்பவர்கள் ‘எப்படிப் பார்ப்பது’ என்ற பகுதிக்குத் தாவிவிடலாம்.

வேறு காசு என்றால் என்ன என்பதைத் திருகோணமலை ஆட்களுக்கு விளக்குவது சுலபம். அங்குள்ள கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறு, ஏழிலும் சூடு ஒரே அளவில்லை. ஏன் சுடுகிறது என்று கேட்டால் இரண்டு விடை உண்டு. நிலத்தின் ஆழத்துச் சூடு பாறை வெடிப்புகள் வழியே நீரோடு மேலே வருகிறது என்பது ஒன்று. தாய்க்கு அந்தியேட்டி (ஈமக்கிரியை) செய்ய இராவணன் நிலத்தைக் குத்த, குத்திய இடமெல்லாம் நீர் பீறிட்டது என்பது மற்றது. இரண்டும் விடைதான். ஆனால் வெப்பமானியோடு வந்து கேட்டவனுக்கு இராவணன் கதையைச் சொல்லி அனுப்பினால் அவன் முணுமுணுத்துக்கொண்டுதான் போவான்.

‘லொஸ்ட்’ முதல் ஐந்து சீசனும் வெப்பமானியோடு கேள்வி கேட்கிறது. தார்மா என்ற ஆய்வுக் குழு தீவெங்கும் நிலையங்களைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறது. வேலைக்குரிய கைநூல், பயிற்சிப் படச்சுருள், உணவுப் பொதி எல்லாம் அப்படியே கிடக்கின்றன. திருகோணமலையின் சீனன்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்க் குதங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சிகள் கற்பனையாகவே படாது. வெப்பவலயத் தீவில் பனிக்கரடி எப்படி வந்தது என்பதற்கும் இந்த வகை விடைதான்: ஆய்வுக்காகக் கூட்டில் கொண்டுவரப்பட்டது. துனீசியப் பாலைவனத்தில் தார்மா கழுத்துப்பட்டியோடு ஒரு கரடி எலும்புக்கூடு கிடப்பது ஏன் என்பதுகூட, நான்காம் சீசனில் தீவில் முன்பே இருந்த கூட்டத்தின் தலைவன் பென் நிலத்தடியில் உறைந்து கிடக்கும் சக்கரத்தைத் திருப்பி அதே பாலைவனத்தில் போய் விழும்போது பிடிபட்டுவிடும்.

ஆறாம் சீசன் தலபுராணமாகிவிடுகிறது. கரும்புகை வடிவில் ஆட்களைக் கொன்று திரிந்தது எது? ஒளி ஊறும் குகைக்குள் தன் தம்பியைத் தள்ளிவிட்டான் தீவின் காவலன் ஜேக்கப், தம்பி புகையாகி வெளியே வந்தான். அந்த ஒளி எது? அதைக் காக்க வேண்டும், அவ்வளவுதான். 15ஆவது எபிசோட் முழுவதையும் இதற்கென்றே ஒதுக்கியும், ஒரு விடை சொன்னால் இன்னொரு கேள்வி வரும் என்று கதாபாத்திரத்தின் வாயாலேயே கைகழுவிவிடுகிறார்கள். தொடரிலேயே மோசமான இடம் இது. புராணம் சொல்வதில் பிழையில்லை, ஆனால் புராணத்தை முதலாம் சீசனிலிருந்தே சொல்லியிருக்க வேண்டும்.

கடைசி எபிசோட்டின் தீவுப் பகுதியைக் குறைசொல்ல முடியாது. டெஸ்மண்ட் குகையின் கல்லடைப்பைப் பிடுங்க ஒளி அணைகிறது. புகைமனிதன் சாகக்கூடியவனாகிறான், கேட் சுடுகிறாள், தொடரின் நாயகன் ஜாக் மலை விளிம்பிலிருந்து தள்ளுகிறான். ஆறு பேர் விமானத்தில் தப்புகிறார்கள். கல்லைத் திரும்பப் பொருத்திய ஜாக் மூங்கில் காட்டில் விழுந்து கிடக்க, நாய் வந்து பக்கத்தில் படுக்கிறது. தொடர் தொடங்கியது அதே இடத்தில், அவன் கண் திறப்பதில். முடிவது கண் மூடுவதில்.

சிக்கல் மற்றப் பாதியில். ஆறாம் சீசனில் தீவுக்கதைக்குப் பக்கத்தில் ஓடுகிற மாற்றுக்கதை, விமானம் விழாமலே தரையிறங்கியிருந்தால் என்ன என்பது போலத் தோன்றும். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் அது இறந்தவர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் இடம் என்று தெரியவருகிறது. “எல்லாரும் முதலிலேயே விமான விபத்தில் செத்துவிட்டார்கள், தீவே பொய்” என்று இன்றைக்கும் ஆட்கள் கதைக்கிறார்கள். பிழை. ஜாக்கின் தகப்பன் தேவாலயத்தில் நேராகவே சொல்கிறார்: நடந்ததெல்லாம் உண்மை, சிலர் உனக்கு முன்னே இறந்தார்கள், சிலர் வெகுகாலம் கழித்து. குழப்பத்துக்குக் காரணம் பெயர்ப்பட்டியலோடு காட்டிய ஆளில்லாத விமானச் சிதைவுப் படங்கள். அடுத்த நிகழ்ச்சிக்குப் போகுமுன் மனம் ஆறட்டும் என்று ஏபிசி நிறுவனம் சேர்த்த படங்கள் அவை, கதையின் பகுதியே இல்லை. 31ஆம் நாள் அந்தியேட்டி செய்து உயிரை வழியனுப்பிப் பழகிய வீட்டில் இந்த முடிவுக்கு அதிகம் விளக்கம் தேவைப்படாது. அமெரிக்கப் பார்வையாளர்கள் அவ்வளவு தடுமாறியதுதான் நமக்கு வியப்பு.

கடைசிவரை கட்டாமல் விட்ட கடன்களும் உண்டு. ஐந்தாம் சீசனில் படகிலிருந்து சுட்டவர்கள் யார் என்பது வரவேயில்லை. தீவில் கருத்தரித்த பெண்கள் ஏன் இறக்கிறார்கள் என்பது ஊகத்தோடு நிற்கிறது. சிறுவன் வோல்ட்டுக்கு இருந்த விசேட ஆற்றலும் அப்படியே காற்றில் போனது. தீவில் நடப்பது ஏறக்குறைய மூன்றரை மாதக் கதை, அதை நான்கு வருடம் படமாக்கினார்கள், பையன் மளமளவென வளர்ந்துவிட்டான். இதை முன்கூட்டி யோசிக்காதது எழுத்தாளர்களின் தவறுதான்.

மூன்றாம் சீசனின் நடுப்பகுதி தள்ளாடுவதற்கு வேறு காரணம். எப்போது முடிக்கலாம் என்று அவர்களுக்கே தெரியாது. 2007 மே மாதத்தில்தான், இன்னும் மூன்று சீசன், 2010இல் முடிவு என்று தீர்மானமானது. முதல் மூன்று சீசனில் 72 எபிசோட், பின் மூன்றில் 49. நான்காம் சீசன் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் 14ஆகச் சுருங்கியும் தொடரிலேயே இறுக்கமானது அதுதான்.

எப்படிப் பார்ப்பது? இரட்டை எபிசோட்டுகளைப் பிரித்து எண்ணினால் 121, ஒன்று சராசரி 43 நிமிடம், மொத்தம் சுமார் 87 மணி. இரவுக்கு இரண்டு என்றால் இரண்டு மாதம். சாதாரணத் தரத்தில் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி என்று வைத்து டேட்டாக் கணக்கைப் போடுங்கள். உயர் தரத்தில் அது இரண்டு மூன்று மடங்காகும், 2004இல் எடுத்த படத்துக்குச் சிறிய திரையில் அது வீண்.

முதலாம் சீசனின் 4ஆவது எபிசோட் வரை பாருங்கள். லொக்கின் கடந்தகாலம் திறக்கிற அந்தக் கடைசி நிமிடம் உங்களை அசைக்காவிட்டால் அங்கேயே விட்டுவிடலாம். 6ஆவது எபிசோட் இன்னொரு சோதனை. கொரியத் தம்பதி சண்ணும் ஜின்னும் தம் மொழியில் பேசும் நீண்ட காட்சிகள் அதில் உண்டு. கீழே ஆங்கில எழுத்து வராவிட்டால் உங்கள் கையிலுள்ள பிரதியில் வசன எழுத்து விடுபட்டிருக்கிறது. பலர் அது இயக்குநரின் உத்தி என்று நினைத்து ஒரு சீசனையே அப்படிப் பார்த்துவிடுகிறார்கள். டெஸ்மண்டின் ஸ்கொட்லாந்து உச்சரிப்புக்கும் சோயரின் தென்மாநிலப் பேச்சுக்கும் ஆங்கில வசன எழுத்து எப்படியும் உதவும்.

தாவ விரும்பினால் மூன்றாம் சீசனின் 9ஆவதைத் தாவலாம். ஜாக்கின் பச்சை குத்தல் பற்றியது, யாருக்கும் வேண்டாத கதை. நான்காம் சீசனின் 5ஆவதைப் பார்க்கும்போது கைப்பேசியைத் தூர வையுங்கள். 1996க்கும் 2004க்கும் இடையே டெஸ்மண்டின் மனம் மாறி மாறித் தாவுகிறது, ஒரு நிமிடம் தவறினால் புரியாது. ஒவ்வொரு எபிசோட்டின் முன்சுருக்கத்தையும் ஓட்டிவிடுங்கள், அன்றைக்கு யார் திரும்பி வரப்போகிறார் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் வந்தால் இணையத்தில் தேடவே வேண்டாம், முதல் வரியிலேயே யார் சாகிறார் என்று இருக்கும்.

கேள்விக்கு விடை மட்டும்தான் வேண்டும் என்பவர்கள் ‘டார்க்’ பார்க்கட்டும். ஜேர்மன் தொடர், 2017 முதல் 2020 வரை மூன்று சீசன், 26 எபிசோட். 33 வருடச் சுழற்சி, நான்கு குடும்பம். ஒரு தாளில் வம்சப்படம் வரைந்துகொண்டு பார்க்க வேண்டும். போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டே போகிறார்கள். ஆனால் ‘லொஸ்ட்’டின் ஹேர்லியைப் போல, சையித்தைப் போல, கூடவே இருந்த ஆள் என்று நினைக்க அதில் ஒருவரும் இல்லை.

‘லொஸ்ட்’ ஆறாம் சீசன் டிவிடியில் 12 நிமிடப் பின்னிணைப்பு ஒன்று இருக்கிறது. பென் உணவுப் பொதி அனுப்பும் கிடங்கை மூடப் போகிறான், வோல்ட்டைத் தேடிப் போகிறான், கரடிக் கதையும் வருகிறது. பார்க்க வேண்டியதுதான், ஆனால் கடைசி எபிசோட் முடிந்த அதே இரவில் போடாதீர்கள். ஜாக்கின் கண் மூடிய கையோடு கிடங்கு வேடிக்கையைப் பார்த்தால் இரண்டுமே கெட்டுவிடும். ஒரு வாரம் கழித்துப் போடுங்கள்.