அடைத்த குழாய்ப் பாலம்: கம்பியா, ஜெட்டிங்கா, பொக்லைனா?

கிராமத்துச் சாலைக்கு அடியில் ஓடும் குழாய் அடைத்துக்கொண்டால், எடுத்த எடுப்பில் பொக்லைனைக் கூப்பிடத்தான் பலருக்கும் தோன்றும். அதன் பக்கெட் குழாயின் இரு வாயிலும் கிடக்கும் மண்ணை அள்ளும். உள்ளே இறுகிய அடைப்பு அதற்கு எட்டாது. கொஞ்சம் அசந்தால் குழாயின் விளிம்பையும் உடைத்துவிடும். ஆனால் தண்ணீர் வெளியேறும் பக்கத்து வாய்க்கால் மேடிட்டிருந்தால் அதை ஆழப்படுத்தப் பொக்லைன்தான் சரி. அந்த வேலையை முதலில் முடித்துவிட வேண்டும். வாய்க்கால் தரை குழாயின் அடிமட்டத்தைவிட உயரமாக இருந்தால், எப்படிச் சுத்தம் செய்தாலும் வண்டல் மறுபடி தங்கிவிடும்.

அப்புறம் இரு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். சுள்ளியும் பிளாஸ்டிக்கும் நுழைவாயிலில் மட்டும் சிக்கியிருந்தால் நீளக் கொக்கிக் கம்பியும் மண்வெட்டியும் போதும். மேல்பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிறதா? அப்படியானால் வாய்க்கு நேரே நிற்காமல், கரையில் நின்று சிறிது சிறிதாக எடுங்கள். அடைப்பு சட்டென்று விட்டால் வேகம் ஆளையே உள்ளே இழுத்துவிடும். குழாய்க்குள் யாரும் நுழையவே கூடாது. சேற்றைக் கிளறினால் கிளம்பும் விஷவாயு உயிரைப் பறிக்கும்.

உள்ளே முழுக்க வண்டல் என்றால் என் தேர்வு, ஹோஸ் வழியாக உயர் அழுத்த நீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் ஜெட்டிங்தான். ஹோஸின் நுனியிலுள்ள நாசிலின் பின்பக்கத் துளைகள் வழியாகப் பீய்ச்சும் நீர், ஹோஸைத் தானே முன்னே தள்ளிக்கொண்டு போகும். திரும்ப இழுக்கும்போது கரைந்த சேறு கூடவே வரும். அதனால் தாழ்ந்த பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரே மூச்சில் கடைசிவரை விடாமல், கொஞ்சம் போய்க் கொஞ்சம் இழுத்து வேலை செய்தால் ஹோஸ் சேற்றில் மாட்டாது. புதிதாகப் படிந்த இளகிய வண்டலுக்கு, குழாயில் நல்ல சரிவும் இருந்தால், சாதாரணப் பம்பின் நீரோட்டமே போதும்.

ஜெட்டிங்குக்கு அடங்காதவை பெரிய கற்களும் தடித்த வேர்களும். வேருக்குச் சுழலும் வெட்டுத்தலை வேண்டும். கல்லுக்கு, குழாயில் கம்பிவடம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால், அதில் இரும்பு வாளியைக் கட்டி இழுப்பது நல்ல வழி. மெதுவான வேலை, ஆனால் கல் வெளியே வந்துவிடும். இழுக்கும்போது கம்பிவடத்தின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் சாட்டைபோல் வீசும்.

குழாய் துருப்பிடித்து அடிப்பாகம் ஓட்டையாகியிருந்தாலோ, இணைப்புகள் விலகியிருந்தாலோ உயர் அழுத்த நீர் சுற்றியுள்ள மண்ணையும் அரித்துவிடும். குழாய்க்கு நேர் மேலே சாலை உள்வாங்கியிருப்பதும், குழாய்க்கு வெளியே நீர் கசிவதும் அதற்கான அறிகுறிகள். அப்போது சுத்தம் செய்வதில் காசைப் போடாமல், சாலையை வெட்டிப் புதுக் குழாய் பதித்துவிடுவதே சரி.