பிக்கப்புக்கு லிஃப்ட் போடப் போகிறீர்களா? டேப் உங்கள் கையில் இருக்கட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. வண்டியின் உயரத்தைக் கூட்டுகிற லிஃப்ட் வேலையில் 1,28,000 ரூபாய் போன கதை என்பதால் நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன் என்பது ஒரு காரணம். இதே வேலையைச் செய்கிற கடை அது ஒன்றுதான் என்று நான் நம்பவில்லை என்பது இன்னொன்று.

கொடைக்கானல் மலைப் பக்கம் தாண்டிக்குடிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் மண்பாதை. வண்டி 2018 மாடல் இசுஸு வி-கிராஸ். பாதையில் ஒரு திருப்பத்தில், இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவே, ஆமை முதுகு மாதிரி ஒரு பாறை. மழையில் தடம் அரிக்க அரிக்க அது உயர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அடியில் 'கர்ர்' என்று ஒரு சத்தம். எனக்குப் பல் கூசும்.

அந்தச் சத்தத்துக்கு மருந்து லிஃப்ட்தான் என்று முடிவு செய்துகொண்டு, மேற்கே ஒரு பெரிய ஊரில் இருக்கும் கடைக்குப் போனேன். கடை பளபளவென்று இருந்தது. வாசலில் நாலு வண்டி யானை மாதிரி நிமிர்ந்து நின்றன. "ரெண்டு இஞ்ச் ஏத்திட்டா எதுவுமே தட்டாதுங்ணா" என்றார் கடைக்காரர். எது தட்டுகிறது, எங்கே தட்டுகிறது என்று அவர் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவில் செய்த கிட் என்றார். முன்னால் இரண்டு காயில் ஸ்பிரிங், பின்னால் இரண்டு செட் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), நாலு ஷாக் அப்சார்பர். அட்டைப்பெட்டிகளைக் காட்டினார், நான் போட்டோகூட எடுத்தேன். அப்புறம் ஒரு சலுகை: "பழைய ஸ்பிரிங், பட்டை எல்லாம் எங்ககிட்டயே விட்டுட்டீங்கன்னா மூவாயிரம் கொறச்சுக்கறோங்ணா." பழைய இரும்பை மலைக்கு ஏற்றிக்கொண்டு போய் என்ன செய்வது, சரி என்றேன். இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். மொத்த வித்தையும் அந்த மூவாயிரத்தில்தான் இருந்தது.

அளந்தது எப்படி என்று சொல்கிறேன். நான் போனபோது வண்டியின் பின்னால் பழுதுக்குக் கொண்டுவந்த தண்ணீர் மோட்டார், நாலு உர மூட்டை, டூல் பெட்டி எல்லாம் இருந்தன. எப்படியும் முந்நூறு கிலோ. மண்பாதைக்காக டயரில் காற்று 24-தான் வைத்திருந்தேன். அந்த நிலையில் ஒரு பையன் வந்து, தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து, எண்ணைச் சாக்பீஸால் மட்கார்டிலேயே எழுதினான். மறுநாள் மாலை வண்டியை எடுக்கப் போனேன். சாமான்களை இறக்கிச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். காற்று 36 அடித்திருந்தார்கள். என் கண் முன்னாலேயே ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் பட்ட அடுத்த நிமிடம் மறுபடி டேப்.

"பாருங்ணா, முன்னாடி மூணு இஞ்ச், பின்னாடி மூணரை! சொன்னதுக்கு மேலயே குடுத்திருக்கோம்."

சந்தோஷத்தில் அந்தப் பையனுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். இன்றைக்கும் மனதை அரிப்பது அந்த ஐந்நூறுதான்.

பிறகு தெரிந்துகொண்டது இது. முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் சஸ்பென்ஷனில், ஜாக்கியில் தூக்கும்போது சக்கரங்கள் கீழே தொங்கி உள்பக்கம் ஒடுங்கும். இறக்கியதும் டயர் தரையைப் பிடித்துக்கொள்வதால் பழையபடி அகல முடியாமல், வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். நாலைந்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினால்தான் உண்மையான உயரத்துக்கு உட்காரும். பின்பக்கம் முந்நூறு கிலோ இறங்கினால் எந்தப் பட்டையும் தானாக ஏறும். காற்றின் கணக்கில் சில மில்லிமீட்டர். ஆக அந்த மூணு, மூணரை இஞ்சில் பாதிக்கு மேல் ஜாக்கியும் என் உர மூட்டையும் கொடுத்தது.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கிளம்பும்போது, இருபதிலிருந்து நாற்பது வேகத்துக்குள், சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் முன்னால் 'டொக்'. ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டால் தானாக நேராக வராது. நேர் ரோட்டில் வண்டி இப்படியும் அப்படியும் அலையும். கடைக்குப் போன் செய்தேன். "புது ஸ்பிரிங் செட் ஆகணுங்ணா, ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார்கள். நாலாயிரம் ஓட்டினேன். முன் டயர் இரண்டிலும் உள் ஓரம் மொட்டை.

திண்டுக்கல்லில் அலைன்மென்ட் பார்க்க விட்டேன். மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே அந்தத் தம்பி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு அலைன்மென்ட் யாரு செஞ்சது?" என்றான். பில்லில் 1,200 ரூபாய் போட்டிருக்கிறார்களே என்றேன். சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மில் சரிசெய்யும் போல்ட்டைக் காட்டினான். அதன் தலையில் பல வருஷத்து மண் அப்படியே பிடித்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை.

பிறகு வத்தலக்குண்டில் லாரிகளுக்குப் பட்டை கட்டுகிற பாய் ஒருவரிடம் போனேன். எங்கள் பக்கத்தில் பாதி வண்டிகள் அவர் கைபட்டவை. அடியில் சாக்கை விரித்துப் படுத்தார். பின் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு கறுப்புக் கட்டை இருந்தது. ஸ்பேனரால் தட்டினார். 'டங்' என்று கோவில் மணி மாதிரிச் சத்தம்.

"தம்பி, இது கட்டை இல்ல. ஒன்றரை இஞ்ச் சதுரப் பைப்பை வெட்டி, ரெண்டு வாயையும் தகடு வெச்சு வெல்டு அடிச்சுப் பெயின்ட் பண்ணிருக்கான். உள்ள காத்து."

பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கும் யு போல்ட்டைக் காட்டினார். நட்டுக்கு வெளியே மூணு நாலு சுற்றாவது மரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம். என் வண்டியில் நட்டுக்குள்ளேயே முடிந்திருந்தது, ஒன்றில் கால் சுற்று உள்ளே. இந்த லட்சணத்தில் மிளகு மூட்டையோடு மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டை? என் பழைய பட்டையேதான். புதுப் பட்டை என்று காட்டியதெல்லாம் அட்டைப்பெட்டியோடு சரி.

முன் ஸ்பிரிங் மட்டுமாவது புதிதாக இருக்கும் என்று ஒரு நப்பாசை. மஞ்சளாகத்தானே மின்னியது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, சாவியால் சுரண்டினேன். மஞ்சள் பெயின்ட் ஏடு ஏடாக உரிந்தது. அடியில் கம்பெனிக் கறுப்பு. அதன் மேல் கம்பெனி போட்டிருந்த அடையாளக் கோடு. ஷாக்கின் ரப்பரிலும் ரெண்டு சொட்டு மஞ்சள் வழிந்து காய்ந்திருந்தது. மூவாயிரம் குறைத்துக்கொண்டு அவர்கள் 'வைத்துக்கொண்ட' ஸ்பிரிங் என் வண்டியில்தான் இருந்தது.

பிறகு உயரம் எங்கிருந்து வந்தது? ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில், சேசிஸுக்கு அடியில், 20 மி.மீ. தடிமனில் ஒரு வட்டு. ஸ்பேசர் என்பார்கள். ஷாக், கீழ் ஆர்மின் நடுவில் எங்கோ உட்கார்ந்திருப்பதால், மேலே 20 வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு உயரம் வரும். ஆனால் ஸ்பிரிங்கின் பலமும் ஷாக்கின் நீளமும் அப்படியேதான் இருக்கும். சக்கரம் தொங்கும்போது மட்டும், கம்பெனி விட்ட எல்லையைத் தாண்டிக் கீழே போகும். மேல் ஆர்ம் போய் ஸ்பிரிங்கில் இடிக்கும். என் 'டொக்' அதுதான். கிளம்பும்போது வந்த நடுக்கம், பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரண்டு துண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறிப்போனதால், நடு பேரிங்கிலிருந்து வந்தது.

இனி அளவு. பாய் சொல்லிக்கொடுத்த முறை ரொம்ப எளிது. தரையிலிருந்து அளக்கவே கூடாது. சக்கரத்தின் நட்டநடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை. இப்படி அளந்தால் டயரின் காற்று, தேய்மானம், பெரிய டயர் எதுவும் கணக்கைக் குழப்பாது. மட்டமான தரையில் வண்டியை உருட்டி நிறுத்தி, நாலு மூலையையும் அமுக்கி விட்டு, நாலு சக்கரத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். டேங்கில் டீசல் எவ்வளவு, பின்னால் பாரம் என்ன என்று பக்கத்திலேயே எழுதி, டேப்போடு சேர்த்துப் போட்டோ. இதைக் கடைக்குப் போவதற்கு முன்பு வீட்டிலேயே செய்துவிடுங்கள். வேலை முடிந்த அன்று அதே பாரத்தோடு ஒரு முறை, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை.

நான் முன்பு அளந்து வைக்கவில்லையே! கைபடாத வி-கிராஸ் வைத்திருக்கும் பண்ணைக்காடு நண்பரின் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டேன். முன் வலது 34 மி.மீ. கூடுதல், முன் இடது 45, பின்னால் இரண்டும் 38. சொன்ன ரெண்டு இஞ்ச், அதாவது 50, எங்குமே இல்லை. இடதும் வலதும் ஏன் 11 மி.மீ. வித்தியாசம் என்று கழற்றிப் பார்த்தால், இடது ஸ்பிரிங்கின் நுனி அதன் பள்ளத்தில் உட்காராமல் மேட்டில் ஏறி நின்றிருந்தது.

உண்மையான கிட் போடுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை இஞ்ச்" இல்லை. "எப்போதும் எவ்வளவு பாரம் இருக்கும்" என்பதுதான். பம்பர் கார்டு, வின்ச் (வண்டியை இழுக்கும் கருவி) என்று முன்னால் கனமாக எதையாவது மாட்டியிருக்கிறீர்களா, பின்னால் தினமும் முந்நூறு கிலோ நிற்கிறதா, மாதம் ஒரு முறைதானா என்பதை வைத்துத்தான் ஸ்பிரிங்கின் பலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலியாக ஓடும் வண்டிக்குக் கனத்த பட்டை போட்டால் முதுகு போகும். தினமும் பாரம் ஏற்றும் வண்டிக்கு மெல்லிய பட்டை போட்டால், நீங்கள் காசு கொடுத்த உயரம் முதல் மூட்டையிலேயே உட்கார்ந்துவிடும். இதைக் கேட்காமல் விலையைச் சொல்கிற கடையில் ஒரு காப்பிகூடக் குடிக்காதீர்கள்.

இதையெல்லாம் விட எனக்கு உறைத்தது பாய் கடைசியில் கேட்ட கேள்வி. "தம்பி, அந்தப் பாறையில எது தட்டுது?" பின் ஆக்ஸில் நடுவில் குண்டாக இருக்கிறதே, டிஃபரென்ஷியல், அதன் அடி. கீறல் எல்லாம் அதில்தான். அவர் சிரித்தார். ஆக்ஸில் சக்கரத்தோடு நிற்கிறது. அதற்கு மேலே ஸ்பிரிங்கை மாற்றினாலும் கட்டை வைத்தாலும் ஏறுவது பாடியும் சேசிஸும்தான். டிஃபரென்ஷியல் ஒரு நூல்கூட ஏறாது. அதை ஏற்ற நடைமுறையில் ஒரே வழி பெரிய டயர். அதிலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் அடியில் கிடைக்கும். 245/70 ஆர்16 அளவு டயருக்குப் பதிலாக 265/70 ஆர்16 போட்டால் விட்டம் 28 மி.மீ. கூடும், டிஃபரென்ஷியல் 14 மி.மீ. உயரும். அரை இஞ்சுக்குச் சற்று மேல்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் சேர்த்தார்கள். கடைக்காரர் "எல்லாரும்தான் போடறாங்க, ஒண்ணும் ஆகாதுங்ணா" என்றார். விபத்து என்று ஒன்று நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் அந்தப் பைப்பைப் பார்த்திருந்தால் யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

பைப், ஸ்பேசர், உரிந்த பெயின்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். "நீங்க வேற எங்கயோ மாத்திட்டு எங்க மேல பழி போடறீங்க" என்று பதில் வந்தது. அட்டைப்பெட்டி எங்கே என்றால் குப்பைக்குப் போய்விட்டதாம். பில்லை எடுத்துப் பார்த்தேன். 'சஸ்பென்ஷன் வேலை', 'அலைன்மென்ட்', அவ்வளவுதான். கிட்டின் பெயர் இல்லை, பாகத்தின் எண் இல்லை. நீங்கள் கொடுக்கும் காசுக்கு ஒவ்வொரு பாகத்தின் எண்ணும் பில்லில் வர வேண்டும் என்று அடம் பிடியுங்கள். ஸ்பிரிங்கில் பொறித்திருக்கும் எண்ணை மாட்டும் முன் போட்டோ எடுங்கள். பழைய பாகத்தை எத்தனை ஆயிரம் குறைத்தாலும் விட்டுவிட்டு வராதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகாரைப் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. அதற்கு இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. அலைன்மென்ட் தம்பி எழுதிக்கொடுத்த தாளும், பாய் அறுத்துக் கொடுத்த பைப்பின் பாதியும் அதற்காக அலமாரியில் இருக்கின்றன.

வண்டியைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டேன். பாய் கட்டையை எடுத்துவிட்டு, பழைய பட்டையையே பிரித்துச் சுத்தம் செய்து, புது யு போல்ட் போட்டார். ஸ்பேசரைக் கழற்றி, அலைன்மென்ட் செய்து, இரண்டு டயர் மாற்றியதில் இன்னொரு இருபத்திரண்டாயிரம் ஆனது.

பாறையை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். போன வாரம் கடப்பாரையோடு இரண்டு பேர் வந்தார்கள். சுற்றிலும் மண்ணைத் தோண்டி நெம்பினார்கள். பதினோரு மணி டீக்கு முன்பே பெயர்ந்து உருண்டுவிட்டது. காப்பி காய வைக்கும் களத்து ஓரத்தில் போட்டு வைத்திருக்கிறோம், மாலையில் அப்பா அதன் மேல்தான் உட்காருகிறார்.