வேலூர் வெயிலுக்கு முதல் ஹெட்போன்: எம்20எக்ஸா, எம்40எக்ஸா, 7506ஆ?

போனோடு வந்த இயர்போனை ஓரங்கட்டிவிட்டு நல்லதாக ஒரு ஹெட்போன் வாங்கவேண்டும் என்று இரண்டு கோடைக்கு முன்னால் இறங்கினேன். கையில் இருந்தது பத்தாயிரம் ரூபாய். மூன்று மாதம் விசாரித்து, இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்து, கடைசியில் எடுத்தது ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ். இன்றைக்கு யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன். அதற்கு முதல் காரணமாக நான் சொல்வது காது மெத்தையையும் ஒயரையும். ஒலி அதற்கு அடுத்துதான்.

பின்பக்கம் மூடிய குளோஸ்டு பேக் வகை ஏன் என்பதில் பெரிய யோசனை தேவைப்படவில்லை. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் மாசி முடிந்தால் ஃபேன் நிற்பதே கிடையாது. கூடத்தில் டிவி ஓடும். பின்பக்கம் திறந்த ஹெட்போன் காதுக்குக் காற்றோட்டம், ஒலியும் விரிந்து கேட்கும். ஆனால் ஃபேன் சத்தமும் கூடவே உள்ளே வரும், நம் பாட்டு பக்கத்தில் படுத்திருப்பவர் காதுக்கும் போகும். அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

போட்டியில் நின்றவை மூன்று. ஆடியோ-டெக்னிகாவில் எம்20எக்ஸ், எம்40எக்ஸ், இரண்டுமே 2014இல் வந்த வரிசை. மூன்றாவது சோனி எம்டிஆர்-7506, 1991இலிருந்து இன்றுவரை பெரிய மாற்றமில்லாமல் விற்பனையில் இருப்பது, உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் கிடப்பது. மூன்றிலும் ஒலியை எழுப்புகிற டிரைவர் 40 மில்லிமீட்டர்தான்.

ஒலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் அதிகம் கேட்பது நாதஸ்வரம், தவில், பழைய திரைப்பாட்டு. காட்பாடியில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பனிடம் 7506 இருந்தது. ஒரு வாரம் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். பாடகர் மூச்சு இழுப்பது, தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல் விழுவது, எல்லாம் கண்ணாடி போலத் தெரியும். ஆனால் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது சீவாளியின் முனை காதைக் குத்துகிறது, அரை மணி நேரத்தில் சோர்வு வந்துவிடுகிறது. எம்40எக்ஸில் அந்தக் கூர்மை கொஞ்சம் தணிந்து, இடப்பக்கமான தொப்பியில் குச்சி அடி கனத்தோடு விழுகிறது. எம்20எக்ஸில் அதே அடி தொம்மென்று பரவி ஒத்தின் சுருதியோடு கலந்துவிடுகிறது. கிட்டத்தட்ட பாதி விலைக்கு அது குறையே இல்லை என்றுதான் சொல்வேன். படிக்கிற பிள்ளைக்கு முதல் ஹெட்போன் என்றால் எம்20எக்ஸ் போதும், தலையில் 190 கிராம்தான், இருப்பதே தெரியாது.

ஆம்ப்ளிஃபையர் தனியாக வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். இந்த மூன்றுக்கும் வேண்டாம். மின்தடை எம்40எக்ஸில் 35 ஓம், எம்20எக்ஸில் 47, சோனியில் 63, போனே ஓட்டிவிடும். ஜாக் இல்லாத போன் என்றால் சார்ஜ் துளையில் செருகும் டைப்-சி டாங்கிள் ஒன்று போதும். மைக் கிடையாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போன் பேசவும் அதுவேதான் என்றால் இவை உங்களுக்கானவை அல்ல.

இனி மெத்தை.

இதற்கு முன்னால் என்னிடம் ஒரு புளூடூத் ஹெட்போன் இருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். இரண்டாவது வைகாசியில் ஒருநாள் கழற்றினால் காதோரம், கன்னம், சட்டைக் காலர் எங்கும் கருப்புத் துணுக்கு. மெத்தை மீது இருந்த "தோல்" கருவேப்பிலைச் சருகு மாதிரி உரிந்து வந்தது. உள்ளே வெறும் துணியும் ஸ்பான்ஜும். ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கிற மாமாவிடம் காட்டினேன். நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தார்.

"இன்னாடா, இத்தப் போயி தோலுன்ற? துணி மேல பூசி வெச்சிகீறாங்க. ஷூ சோல் பொட்டியில வெச்சது வெச்சபடியே பொடியா பூடுதே, அதே சரக்குதான் இது."

அவர் சொன்னது சரி. ஹெட்போன் மெத்தையில் வருகிற இந்தச் செயற்கைத் தோல் பெரும்பாலும் துணி மேல் ஏற்றிய பாலியூரித்தேன் படலம். ஈரப்பதமும் சூடும் சேர்ந்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலி தண்ணீரால் அறுபடுகிறது. வியர்வையும் தலை எண்ணெயும் அதை இன்னும் விரைவாக்கும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் வருடங்கள் போனால் உதிரும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், அதற்குப் பிறகு புழுக்கமும் மழையும் வருகிற ஊரில், குளிர்நாட்டுக்காரர் நான்கு வருடம் ஓட்டுகிற மெத்தையை நாம் அவ்வளவு நாள் எதிர்பார்க்கக் கூடாது. சோனியும் ஆடியோ-டெக்னிகாவும் போடுவது செயற்கைத் தோல்தான், இதற்கு விலக்கு இல்லை.

ஆகவே மெத்தை உரியுமா என்று கேட்பதில் பயனில்லை. உரிந்தால் மாற்ற முடியுமா, அன்றைக்கு மெத்தை கிடைக்குமா என்றுதான் கேட்கவேண்டும். இந்த மூன்றும் இதில் தேறுகின்றன. விளிம்பைப் பிடித்து இழுத்தால் மெத்தை கையோடு வரும், புதியதை விளிம்புக் காடியில் மாட்டி ஒரு சுற்று இழுத்துவிட்டால் உட்கார்ந்துகொள்ளும். அதே வரிசையில் மேலே இருக்கும் எம்50எக்ஸுக்கு என்று விற்கிற மெத்தை எம்40எக்ஸிலும் பொருந்துவதால் வகைவகையாகக் கிடைக்கிறது. என் பழைய புளூடூத்தில் மெத்தை பசை வைத்து ஒட்டியது. எடுக்கப் போனால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கிழிந்தது. அதனால்தான் பாட்டரி, சார்ஜ் பேச்சுக்கெல்லாம் போகுமுன்பே புளூடூத்தைக் கைவிட்டேன்.

எம்40எக்ஸோடு வரும் மெத்தை ஆழம் குறைவு. என் காது மடல் உள்ளே துணியில் இடித்தது. மாமாவிடம் பழையதை அளவுக்குக் கொடுத்து, ஷூ உள்பக்கத்துக்குப் போடும் மெல்லிய லைனிங் தோலில், கட்டிங்கில் மிஞ்சிய துண்டில், ஒரு ஜோடி தைத்து வாங்கினேன். மடிக்கும் விளிம்பை மட்டும் ஸ்கைவிங் போட்டுக் காகிதம் போலச் சீவினார். இல்லையென்றால் காடிக்குள் போகாது. ஸ்பான்ஜ் கொஞ்சம் உயரமாக வைத்தோம். போட்டுக் கேட்டால் ஒலி மாறியிருந்தது: காது டிரைவரிலிருந்து தள்ளிப் போனதில் குரல் ஒரு அடி பின்னால் போனது, பேஸ் கொஞ்சம் கூடியது. எனக்குப் பிடித்திருக்கிறது. ஒலிக் கலவை (மிக்ஸிங்) வேலை செய்பவருக்கு இது ஒத்துவராது, அவர் கம்பெனி மெத்தையே வாங்கட்டும். தோல் மெத்தை என்னிடம் ஒரு கோடைதான் பார்த்திருக்கிறது. இதுவரை உரியவில்லை, வியர்வைக் கறை மட்டும் ஓரத்தில் படிந்திருக்கிறது. தோலும் பராமரிக்காவிட்டால் விறைத்து வெடிக்கும் என்று மாமா எச்சரித்திருக்கிறார். காற்றாடட்டும் என்று ஓட்டை போட்ட தோலைக் கேட்காதீர்கள். காற்று கசிந்தால் தவிலின் தொப்பி சத்தம் முதலில் காணாமல் போகும். கண்ணாடி போடுபவர்களுக்கும் இதே கசிவு உண்டு.

அடுத்து ஒயர். எம்20எக்ஸிலும் 7506இலும் ஒயர் நிரந்தரம், எம்40எக்ஸில் கழற்றலாம். பெட்டியிலேயே நேர் ஒயர் ஒன்று, சுருள் ஒயர் ஒன்று. எட்டாம் மாதம் நாற்காலிச் சக்கரத்தில் நேர் ஒயர் மாட்டி உள்கம்பி அறுந்தது, தப்பு முழுக்க என்னுடையது. சுருளை மாட்டி, திருகிப் பூட்டி, அன்றிரவே பாட்டுக் கேட்டேன். நிரந்தர ஒயராக இருந்திருந்தால் கிண்ணியைத் திறந்து சால்டரிங் வைக்கவேண்டும். அது தெரிந்தவருக்கு 7506 பெரிய விஷயமில்லை, தெரியாதவருக்கு மெக்கானிக் கடைக்கு இரண்டு நடை. ஒன்று கவனியுங்கள்: எம்40எக்ஸின் முனை 2.5 மில்லிமீட்டர், துளை குறுகல். கண்ட ஒயரை வாங்கினால் உள்ளே இறங்காது. பூட்டும் வகை என்று கேட்டு வாங்கவேண்டும்.

சென்ஹைசர் எச்டி 280 ப்ரோவையும் பலர் சொன்னார்கள். வெளிச்சத்தத்தை 32 டெசிபல் வரை தடுக்கும் என்பது கம்பெனி கணக்கு. நான் அதைப் போட்டுப் பார்த்தது அரை மணி நேரம்தான், அதனால் ஒலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஃபேன் சத்தம் உண்மையிலேயே மறைந்தது. பிடி மட்டும் இறுக்கம், மே மாதத்தில் அந்த இறுக்கத்தோடு என்னால் உட்கார முடியாது. பஸ்ஸிலும் மெஷின் ஓடுகிற இடத்திலும் கேட்பவர்கள் அதைத் தனியாகப் பார்க்கலாம்.

எதை வாங்கினாலும் தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் போடாதீர்கள். கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் மெத்தையைத் துடைத்து, வெயில் படாத ஆணியில் மாட்டுங்கள். நான் கம்பெனி மெத்தை ஜோடியைச் செய்தித்தாளில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை முடிந்ததும் எடுத்து, அது எந்த நிலையில் இருக்கிறது என்று மாமாவிடம் காட்டவேண்டும்.