மறைபரப்புச் சபை ஒன்றின் ‘வந்து பாருங்கள்’ முகாம்: ஒரு மதிப்புரை

மறைபரப்புப் பணிக்கு இறைவன் தம்மை அழைக்கிறாரா என்று தேர்ந்து தெளிய விரும்பும் இளைஞருக்காகத் துறவற சபை ஒன்று தனது இல்லத்தில் நடத்திய தங்கல் முகாமில் அண்மையில் கலந்துகொண்டேன். இத்தகைய முகாம் ஒன்றை மதிப்பிட என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு: வந்தவர் ‘இது என் வழி இல்லை’ என்று மனநிறைவோடு திரும்பிச் செல்ல அங்கே இடம் இருக்கிறதா? முகாம் நடந்த நாள்களில் அந்த இடம் தாராளமாகவே இருந்தது; அதன் பிறகுதான் அது சுருங்கியது.

முகாமின் உயிர்நாடி, ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் கிடைத்த தனி உரையாடல். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மீகப் பயிற்சிகளைத் தழுவி இது அமைக்கப்பட்டிருந்தது. பயிற்சி பெறுபவரைத் துறவறத்தின் பக்கமோ வேறு நிலையின் பக்கமோ சாய்க்காமல், வழிகாட்டுபவர் தராசின் முள்போல நடுவில் நிற்க வேண்டும், இறைவனே அந்த ஆன்மாவோடு நேரடியாகப் பேசட்டும் என்பது இஞ்ஞாசியார் தரும் முன்குறிப்பு. எனக்கு வழிகாட்டிய அருட்சகோதரி இதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். ‘எனக்கு அழைத்தல் இருக்கிறதா, சிஸ்டர்?’ என்று நேரடியாகக் கேட்டபோதும் அவர் பதில் சொல்லவில்லை. ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் ‘நினைக்கும்போது’ என்றும் வலப்பக்கம் ‘நினைத்து முடித்த பிறகு’ என்றும் எழுதிக் கொடுத்தார்.

அதன் பின்னணியையும் சுருக்கமாகச் சொன்னார். 1521-இல் பம்ப்லோனா போரில் கால் நொறுங்கிப் படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியாருக்கு வீரசாகசக் கனவுகளும் இன்பம் தந்தன, புனிதர்களைப் பின்பற்றும் எண்ணமும் இன்பம் தந்தது. ஆனால் முன்னது கலைந்ததும் உள்ளம் வறண்டது, பின்னது கலைந்த பிறகும் மகிழ்ச்சி நீடித்தது. அன்றிரவு என் தாளில் தொலைதூர நாடுகளைப் பற்றிய வரிகளால் இடப்பக்கம் நிரம்பியது; வலப்பக்கத்திலோ, எங்கள் ஆலயப் பங்கில் நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுசெல்பவருடன் நான் போய்வந்ததைப் பற்றிய ஒரு வரி மட்டுமே நின்றது. அருட்சகோதரி அதைப் படித்துவிட்டு, அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் மறுநாள் முழுவதும் செபிக்கச் சொன்னார். வேறெந்த உரையும் எனக்கு இந்த அளவுக்குப் பயன்படவில்லை.

மறைபரப்புப் பணி பற்றிய அமர்வுகள்தாம் முகாமின் பலவீனம். திரையில் படங்கள் ஓடின. புனித பிரான்சிஸ் சவேரியார் 1541-இல் லிஸ்பனிலிருந்து கப்பலேறியது முதல் 1552-இல் சீனக் கரைக்கு அருகே உயிர்நீத்தது வரை உணர்ச்சி பொங்கச் சொன்னார்கள். 1927-இல் சவேரியாரோடு சேர்த்து மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்ட லிசியே நகரின் புனித தெரேசா, வெளியுலகிலிருந்து ஒதுங்கி வாழும் கார்மேல் மடத்தில் அடியெடுத்து வைத்த பிறகு எந்த மறைபரப்பு நாட்டுக்கும் போனதே இல்லை. பயணத்தையும் அழைத்தலையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இளைஞருக்கு அவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. ஆனால் அவர் பெயர் மன்றாட்டில் மட்டுமே ஒலித்தது.

உண்மையில் பணித்தளத்தின் வாழ்வு எப்படிப்பட்டது என்பதை, நிகழ்ச்சிநிரலில் இல்லாத ஓர் உரையாடலில்தான் அறிந்தோம். ஓய்வுபெற்றுத் திரும்பிய முதிய அருட்தந்தை ஒருவர், இரவு உணவுக்குப் பிறகு மேசையிலேயே அமர்ந்து, முதல் ஆண்டில் வணக்கம் சொல்வதற்கு மேல் தம்மால் எதுவும் பேச முடியாமல் போனதையும், தம் உச்சரிப்பைக் கேட்டுச் சிறுவர்கள் சிரித்ததையும், தாயின் அடக்கத்துக்கு வந்துசேர முடியாமல் போனதையும் மறைக்காமல் சொன்னார். இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்கியிருக்க வேண்டும்.

திருச்சபைச் சட்டம் பற்றிய வகுப்பு தெளிவாக இருந்தது. 17 வயது நிறையாதவர் துறவறத்தின் தொடக்கப் பயிற்சியான நவதுறவு நிலையில் சேர முடியாது, அந்நிலை குறைந்தது 12 மாதங்கள் நீடிக்க வேண்டும், அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாட்டுக் (துறவற வாக்குறுதிக்) காலம் குறைந்தது 3 ஆண்டுகள், இறுதி வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வற்புறுத்தலால் நடந்த சேர்க்கை செல்லாது என்றெல்லாம் கேட்டபோது, விண்ணப்பிப்பதே வாழ்நாள் முடிவு என்ற அச்சம் பலருக்கு விலகியது. ஆனால் துறவறம் ஏற்காமல் பொதுநிலையினராகவே சில ஆண்டுகள் பணித்தளத்தில் சேவை செய்யும் வழியை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார்கள்.

இனி என் மனக்குறை. வீடு திரும்பிய சில நாள்களிலேயே சபை அலுவலகத்திலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. முகாமில் எங்களைச் சந்தித்திராத ஒருவர், ‘விண்ணப்பத்தை எப்போது அனுப்புகிறீர்கள்?’ என்று மீண்டும் மீண்டும் கேட்டார். ஆறுதலும் ஆர்வமும் பொங்கும் வேளையில் அவசரப்பட்டு வாக்குறுதி எதுவும் தந்துவிடாதபடி எச்சரிக்க வேண்டும் என்பதும் அதே இஞ்ஞாசியாரின் முன்குறிப்புதான். அருட்சகோதரி பொறுமையாகத் திறந்துவைத்த கதவை அந்த அலுவலகம் பின்னாலிருந்து தள்ளுவதுபோல் இருந்தது.

ஆயினும், ஏற்கெனவே ஓர் ஆன்மீக வழிகாட்டியோ நம்பிக்கைக்குரிய பங்குத்தந்தையோ உள்ளவர்களுக்கு இம்முகாமைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அப்படி எவரும் இல்லாதவர்கள் முதலில் ஒருவரைத் தேடிக்கொண்டு போவது நல்லது. கட்டணம் எதுவும் கேட்பதில்லை. பதிவுப் படிவத்தில் கைபேசி எண் கேட்கும் இடத்தில், முகாமுக்குப் பிறகு தாமாக அழைக்க வேண்டாம், தேவையானால் நானே தொடர்புகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.